ஒரே மூட்டை, நான்கு தட்டு: பல நாய்கள் உள்ள வீட்டில் உணவு தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அங்கே நான்கு நாய்கள்: கருத்தடை செய்த 4 வயது நாட்டு நாய், 18 கிலோ. கருத்தடை செய்த 6 வயது லாப்ரடார், இப்போது 36 கிலோ, இருக்க வேண்டியது 30. பல் பாதி விழுந்துவிட்ட 11 வயது பொமரேனியன், 6 கிலோ. ஐந்து மாத லாப்ரடார் குட்டி, 14 கிலோ. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் யோசிக்கும் முறை இதேதான்.

நான்குக்கும் ஒரே உணவு போடலாமா?

நோய் எதுவும் இல்லாத நாய்கள் என்றால் போடலாம். நாலு விதப் பாக்கெட் வாங்கி, எது யாருடையது என்று குழம்பி, கடைசியில் எல்லாரும் எல்லாவற்றையும் தின்பதைவிட, சரியாகத் தேர்ந்தெடுத்த ஒரே மூட்டை நல்லது. ஆனால் மூட்டை ஒன்றாக இருக்கலாமே தவிர, அளவு ஒன்றாக இருக்கவே கூடாது. "எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு கப்" என்ற பழக்கம்தான் ஒரே வீட்டில் ஒரு நாயைக் குண்டாகவும் இன்னொன்றை எலும்பும் தோலுமாகவும் ஆக்குகிறது.

யாரை மனதில் வைத்து மூட்டையைத் தேர்ந்தெடுப்பது?

யாருக்கு விட்டுக்கொடுக்க இடம் மிகக் குறைவோ, அந்த நாயை வைத்து. பெரும்பாலான வீடுகளில் வரிசை இப்படி அமையும்: முதலில் டாக்டர் சொன்ன மருத்துவ உணவில் இருக்கும் நாய். அடுத்து ஒவ்வாமை உள்ளது. அதற்கடுத்து பெரிய இனக் குட்டி. பிறகு சினை நாய், பால் கொடுக்கும் நாய். எடை கூடிய நாயும் வயதான நாயும் அதற்குப் பின்னால். நல்ல உடல்நிலையில் இருக்கும் நடுவயது நாய் கடைசி. அதற்கு எந்த முழுமையான உணவும் ஒத்துப்போகும்.

நம் உதாரண வீட்டில் ஒவ்வாமையும் இல்லை, நோயும் இல்லை. ஆகவே ஐந்து மாதக் குட்டிதான் மூட்டையைத் தீர்மானிக்கிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வீட்டில் மூத்தது என்று பொமரேனியனுக்கு 'சீனியர்' பாக்கெட் வாங்கி, அதையே குட்டிக்கும் போடுகிறார்கள். பெரியவர்கள் குட்டி உணவை அளவு குறைத்துச் சாப்பிட்டுச் சமாளித்துவிடலாம். வளரும் எலும்புக்குத் தேவையானது இல்லாத உணவை எவ்வளவு போட்டாலும் குட்டி சமாளிக்க முடியாது.

பாக்கெட்டில் 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று இருந்தால் போதுமா?

பாதி போதும். அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு நாய் உணவுக்கு இரண்டே தரக்கணக்கு வைத்திருக்கிறது: வளர்ந்த நாயைப் பராமரிக்க ஒன்று, வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஒன்று. நீரை நீக்கிய கணக்கில் முதலாவதில் புரதம் குறைந்தது 18 சதவீதம், கொழுப்பு 5.5. இரண்டாவதில் புரதம் 22.5, கொழுப்பு 8.5. 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்றால் இந்த இரண்டாவது, அதாவது கடினமான கணக்கை அந்த உணவு எட்டுகிறது என்று பொருள். நடைமுறையில் அது குட்டி உணவுதான். 'அடல்ட் மெயின்டனன்ஸ்' என்று மட்டும் இருந்தால் குட்டி உள்ள வீட்டுக்கு அந்த மூட்டை ஆகாது.

'சீனியர்' என்ற சொல்லுக்கு ஆஃப்கோவில் தனிக் கணக்கே இல்லை. ஒரு நிறுவனத்தின் சீனியர் உணவுக்கும் இன்னொன்றின் சீனியர் உணவுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

'காம்ப்ளிமென்டரி' அல்லது 'இன்டர்மிட்டன்ட் ஃபீடிங்' என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது முழு உணவு அல்ல, தொட்டுக்கொள்ள மட்டும். கிரேவி பாக்கெட்டுகள் பலவற்றில் இப்படி இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெரிய இனக் குட்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

கால்சியத்தால். வளர்ந்த நாய் உணவில் கால்சியம் கூடினால் குடலில் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். சின்னக் குட்டிக்கு, முக்கியமாக முதல் ஆறு மாதங்களில், அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. உள்ளே வருவதில் பெரும்பகுதி உடம்பில் ஏறிவிடும். வேகமாக வளரும் பெரிய இனத்தில் இதனால் மூட்டுக் குருத்தெலும்பு கெடும், முன்னங்கால் வளையும்.

அதனால்தான் வளர்ந்தபின் 32 கிலோவைத் தொடக்கூடிய குட்டிகளுக்கு (லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், கிரேட் டேன்) ஆஃப்கோ உச்ச வரம்பைத் தனியாகக் குறைத்திருக்கிறது. மற்றக் குட்டிகளுக்கு நீர் நீக்கிய கணக்கில் கால்சியம் 2.5 சதவீதம் வரை போகலாம். இவற்றுக்கு 1.8ஐத் தாண்டக் கூடாது. கீழ் வரம்பு இரண்டுக்கும் 1.2. ஆகவே 'பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கும் உகந்தது' என்ற வாசகம் பாக்கெட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கால்சியம் சதவீதம் எவ்வளவு என்று நிறுவனத்தையே கேளுங்கள். பதில் சொல்லாத நிறுவனத்தின் உணவைப் பெரிய இனக் குட்டிக்குப் போட வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டும். குட்டி வாங்கியதும் கடைக்காரர் கையில் கொடுக்கும் கால்சியம் சிரப் முழுமையான பாக்கெட் உணவு தின்னும் குட்டிக்குத் தேவையே இல்லை. பெரிய இனக் குட்டிக்கு அது நேரடியாகக் கெடுதல் செய்யும். கால் வளைந்திருக்கிறதே என்று சிரப்பைக் கூட்டுவது, கெடுத்த மருந்தையே இன்னும் ஒரு மூடி ஊற்றுவதாக ஆகிவிடலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும்.

லேபிளில் கலோரி போடவே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஊரில் விற்கும் பல பாக்கெட்டுகளில் இதுதான் நிலைமை. ஆனால் புரதம், கொழுப்பு, நார், ஈரம் ஆகியவற்றின் சதவீதம் இருக்கும். சாம்பல் சத்து போடவில்லை என்றால் உலர் உணவுக்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் மாவுச்சத்து. பிறகு புரதத்தை 3.5ஆல், கொழுப்பை 8.5ஆல், மாவுச்சத்தை 3.5ஆல் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கான கிலோ கலோரி ஏறத்தாழ வந்துவிடும்.

புரதம் 26, கொழுப்பு 14, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 உள்ள ஒரு மூட்டை என்று வையுங்கள். மாவுச்சத்து 38. கணக்கு: 91 + 119 + 133 = 343 கிலோ கலோரி. இந்த மூட்டையைத்தான் கீழே உதாரணமாக எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

டின் உணவையும் உலர் உணவையும் ஒப்பிடும்போது ஈரத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். டின்னில் புரதம் 8 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஈரம் 78 சதவீதம் என்றால் மிச்சம் 22இல் 8, அதாவது 36 சதவீதம். மேலே சொன்ன உலர் உணவில் 90இல் 26, அதாவது 29தான்.

விலையையும் கிலோவுக்குப் பார்க்காமல் 1000 கிலோ கலோரிக்குப் பாருங்கள். கிலோ 250 ரூபாய் விலையில் 100 கிராமுக்கு 340 கிலோ கலோரி தரும் உணவுக்கும், 300 ரூபாய் விலையில் 400 தரும் உணவுக்கும் உண்மையான வித்தியாசம் ஒன்றரை ரூபாய்தான்: முதலாவது சுமார் 73.50, இரண்டாவது 75.

ஒவ்வொரு நாய்க்கும் எத்தனை கிராம்?

ஓய்வு நிலையில் நாய்க்குத் தேவையான ஆற்றல்: எடையின் முக்கால் அடுக்கு பெருக்கல் 70. முக்கால் அடுக்கு என்றதும் பயப்பட வேண்டாம். செல்போன் கால்குலேட்டரில் எடையை மூன்று முறை பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் போதும். 30 × 30 × 30 = 27,000. ஒரு வர்க்கமூலம் 164.3, இன்னொரு வர்க்கமூலம் 12.82. அதை 70ஆல் பெருக்கினால் 897 கிலோ கலோரி.

இதை நாயின் நிலைக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6. செய்யாததற்கு 1.8. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 3, அதற்கு மேல் 2. அதிகம் நடமாடாத வயதான நாய்க்கு 1.4 அளவில் தொடங்கலாம். எடை குறைக்க வேண்டிய நாய்க்கு, *இருக்க வேண்டிய* எடையைப் போட்டு, வெறும் 1.

நம் வீட்டுக்கு வருவோம்.

நாட்டு நாய், 18 கிலோ: 612 × 1.6 = 979 கிலோ கலோரி. 100 கிராமுக்கு 343 கிலோ கலோரி தரும் உணவில் நாளைக்கு 285 கிராம்.
லாப்ரடார், 30 கிலோ கணக்கில்: 897 × 1 = 897. நாளைக்கு 262 கிராம்.
பொமரேனியன், 6 கிலோ: 268 × 1.4 = சுமார் 376. நாளைக்கு 110 கிராம்.
குட்டி, 14 கிலோ: 507 × 2 = சுமார் 1013. நாளைக்கு 295 கிராம்.

மூன்றாவது முறையும் சரிபார்க்கத் தோன்றும் இடம் ஒன்று இதில் இருக்கிறது: 36 கிலோ லாப்ரடாருக்கு 18 கிலோ நாட்டு நாயைவிடக் குறைவு. கணக்கு சரிதான். கப்பில் கண்ணளவாக அள்ளிப் போடும்போது இதற்கு நேர் எதிராகத்தான் எல்லோர் கையும் போகும்.

இந்த எண்கள் தொடக்கம் மட்டுமே. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களின் தேவை கணிசமாக வேறுபடும். மூன்று வாரம் போட்டு, எடை பார்த்து, 10 சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும்.

அளக்க, சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். கப் வேண்டாம். ஒரே கப்பில் ஒரே ஆள் இரண்டு முறை அள்ளினாலே அளவு மாறும். சின்ன நாய்க்கு இது பெரிய வித்தியாசம்: 10 கிராம் கூடினால் பொமரேனியனுக்கு அன்றைய தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. காலையில் நான்கு டப்பாக்களில் அன்றைய மொத்தத்தையும் நிறுத்து, பெயர் ஒட்டி வைத்துவிடுங்கள். வீட்டில் யார் போட்டாலும் அந்த டப்பாவிலிருந்துதான். "அம்மா ஏற்கெனவே போட்டாங்களா?" என்ற கேள்விக்கே இடமிருக்காது.

நாய் குண்டா, ஒல்லியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையால். பக்கவாட்டில் விலா எலும்பின் மேல் விரல்களை மெதுவாக ஓட்டுங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுமோ, அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடல். உள்ளங்கைப் பக்கம் விரல்கள் தொடங்கும் மேட்டைத் தொடுவதுபோல் அமுக்கிப் பார்த்தால்தான் எலும்பு தெரிகிறது என்றால் எடை கூடுதல். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பொமரேனியன் போன்ற முடி அடர்ந்த நாயைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யவே முடியாது. குளிப்பாட்டும்போது, முடி நனைந்திருக்கையில் பாருங்கள், உண்மை தெரியும்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு: இந்த நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது இயல்பு. பக்கத்து வீட்டார் "நாய்க்குச் சோறே போடுறதில்லையா" என்று கேட்கிறார்கள் என்பதற்காக லாப்ரடார் மாதிரி ஆக்கிவிடாதீர்கள்.

எங்கள் லாப் எப்போதும் பசிக்கிறது என்றுதான் பார்க்கிறது. பாவமாக இருக்கிறதே?

அதன் பசி நடிப்பல்ல. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு குறைவு. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். சாப்பிட்டது போதும் என்ற செய்தி அந்த நாய்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே அது கேட்பதை வைத்து அளவைத் தீர்மானிக்க முடியாது. தராசுதான் தீர்மானிக்க வேண்டும்.

ஒல்லியாக வைத்திருப்பதன் பலன் சின்னதல்ல. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போடுவதைவிட அதன் ஜோடிக்கு 25 சதவீதம் குறைவாக வாழ்நாள் முழுக்கப் போட்ட ஆய்வு 2002இல் வெளிவந்தது. அதிகம் தின்றவற்றின் சராசரி ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டுவலியும் இவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக உங்களோடு இருக்கும் என்றால், தட்டைப் பார்த்து வரும் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ளலாம்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவது பாதுகாப்பான வேகம். 36 கிலோவுக்கு வாரம் 360 முதல் 720 கிராம். 30ஐ எட்ட இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். பசியை ஆற்ற வேக வைத்த பீன்ஸ், பூசணி, சுரைக்காய் சேர்க்கலாம், உப்பும் தாளிப்பும் இல்லாமல். 262 கிராமுக்கும் குறைத்தால்தான் எடை இறங்குகிறது என்ற நிலை வந்தால் சாதாரண உணவிலேயே இன்னும் குறைக்காதீர்கள். கலோரியோடு புரதமும் தாதுக்களும் சேர்ந்து குறைந்துவிடும். அப்போது அந்த நாய்க்கு மட்டும் எடைக்குறைப்பு மருத்துவ உணவு தேவை. தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

வயதான நாய்க்குப் புரதம் குறைவான உணவுதானே நல்லது?

இல்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கும் வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைத்தால் தசை கரைந்து பின்னங்கால்தான் தளரும். 7 அல்லது 8 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, சிறுநீரகம் சரி என்று தெரிந்தால் பொதுமூட்டையிலிருந்தே போடலாம்.

பல் இல்லாததற்கு உணவை மாற்ற வேண்டியதில்லை. ஒரு வேளைக்கான 55 கிராமை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறப் போட்டால் விரலால் நசுக்கும் பதம் வரும். ஊறியதை நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விட்டுவைக்காதீர்கள்.

ஒரு நாய்க்குச் சிக்கன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறோம். எல்லாருக்கும் மாற்றிவிடலாமா?

முதலில் உண்ணியும் தெள்ளும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். நம் தட்பவெப்பத்தில் அரிப்புக்கு உணவைவிட அவையே பெரும்பாலும் காரணம். உணவு ஒவ்வாமையில் ஆண்டு முழுக்க அரிப்பு இருக்கும், காது திரும்பத் திரும்பக் கெடும், பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். சில நாய்களுக்கு வயிறும் கெடும். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவைதான் அடிக்கடி காரணமாகின்றன.

ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே வழி நீக்கச் சோதனை: 8 வாரம், புரதத்தை மிகச் சிறிதாக உடைத்த மருத்துவ உணவு, அல்லது அந்த நாய் இதுவரை தின்றிராத ஒரே இறைச்சியும் ஒரே மாவுப்பொருளும் கொண்ட வீட்டு உணவு. அரிப்பு அடங்கிய பிறகு பழைய உணவைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவே காரணம் என்று உறுதியாகும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுவதால், ஒவ்வாமையே இல்லாத நாய் ஆயுள் முழுக்க விலையுயர்ந்த உணவில் இருக்கிறது.

இந்த 8 வாரமும் பல நாய் வீட்டில் பெரும்பாலும் தோற்பது எங்கே என்றால், சமையலறைத் தரையில். மற்ற நாயின் தட்டுக்கு அடியில் உருண்ட நாலு உருண்டை, குட்டியின் மீசையில் ஒட்டியிருக்கும் கிரேவியை நக்குவது, கோழி மணமூட்டிய பூச்சி மாத்திரை, மாத்திரைக்குச் சுற்றிக் கொடுக்கும் சீஸ். ஒவ்வொன்றும் சோதனையைக் கெடுக்கும். கடைசித் தட்டு கழுவி, தரை துடைத்த பிறகுதான் அந்த நாயைச் சமையலறைக்குள் விட வேண்டும்.

காரணம் கோழிதான் என்று உறுதியானால் வீடு முழுக்கக் கோழி இல்லாத உணவுக்கு மாறிவிடுவதே எங்கள் பரிந்துரை. மற்ற நாய்களுக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை. 'மீன்' என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பொருள்பட்டியலில் 'பௌல்ட்ரி மீல்', 'சிக்கன் டைஜெஸ்ட்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று கடைசி வரி வரை படியுங்கள். மேற்பூச்சுச் சுவையூட்டியாகக் கோழி பல உணவுகளில் இருக்கிறது.

எந்த நிலையில் ஒரே மூட்டை அறவே கூடாது?

சிறுநீரக நோய்: அதற்கான உணவில் பாஸ்பரஸும் புரதமும் வேண்டுமென்றே குறைக்கப்பட்டவை. குட்டி அதைத் தின்றால் வளர்ச்சி கெடும், நோயாளி குட்டி உணவைத் தின்றால் நோய் முற்றும். இரண்டு மூட்டை, இரண்டு அறை, வேறு வழி இல்லை. சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கும் உணவும் அப்படியே, மற்ற நாய்களுக்கு நாள்கணக்கில் போடக் கூடாது.

கணைய அழற்சி வந்து தேறிய நாய்க்குக் கொழுப்பு குறைவாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் வளர்ந்த நாய்கள் என்றால், டாக்டர் ஒப்புக்கொள்ளும் கொழுப்பு குறைந்த முழுமையான உணவை எல்லாருக்குமே போட்டுவிடலாம். திருடித் தின்னும் ஒரு வாய் கொழுப்புகூட அந்த நாயைத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும் என்பதால் இதுவே பாதுகாப்பு.

சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு எந்த உணவு என்பதைவிட ஒரே உணவு, ஒரே அளவு, 12 மணி நேர இடைவெளி, அதோடு இன்சுலின் என்ற ஒழுங்கு முக்கியம். மற்றவர்கள் தட்டில் வாய் வைத்தால் அந்த ஒழுங்கு போச்சு. டால்மேஷியன் இனத்தில் யூரேட் கல் வரும் சுபாவம் உண்டு. அதற்கு ஈரல் போன்ற உறுப்பு இறைச்சி குறைந்த உணவு தேவை, தண்ணீரும் அதிகம் உள்ளே போக வேண்டும்.

ஒருவர் தட்டில் மற்றவர் வாய் வைக்காமல் எப்படிப் போடுவது?

தட்டை நிரப்பி வைத்துவிட்டு நாள் முழுக்க விட்டுவிடும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. குட்டிக்கு ஆறு மாதம் வரை மூன்று வேளை. பெரிய நாய்க்கு ஒரே வேளையாக மொத்தத்தையும் போட வேண்டாம். வேகமாக விழுங்கும் பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடும்.

லாப்ரடாரை இரும்பு கிரில் கேட்டுக்கு வெளியே வையுங்கள். பொமரேனியனுக்குப் படுக்கையறை, கதவு சாத்தி. குட்டிக்கு அதன் கூண்டு. நாட்டு நாய் கூடத்தில். மெதுவாகத் தின்னும் நாய்க்கு முதலில் வையுங்கள், விழுங்கும் நாய்க்குக் கடைசியில். 15 நிமிடம் ஆனதும் மிச்சம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். எல்லாத் தட்டும் உயர ஏறிய பிறகே கதவுகள் திறக்க வேண்டும். திறந்ததும் ஒவ்வொரு நாயும் மற்றதன் இடத்துக்குப் போய்த் தரையை மோப்பம் பிடிக்கும். அங்கே ஒன்றும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டால் ஓரிரு வாரத்தில் அந்த ஓட்டம் குறைந்துவிடும்.

ஒரு நாய் தட்டைப் பார்த்து உறுமினால் அடிக்காதீர்கள். இடைவெளி போதவில்லை என்று அது சொல்கிறது. இன்னும் தள்ளி வையுங்கள்.

தயிர்சாதமும் சிக்கனும் சேர்த்துப் போடலாமா?

நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குவரை போடலாம், அந்த அளவுக்கு உருண்டையைக் குறைத்துவிட்டு. நம் பொமரேனியனுக்கு அது 37 கிலோ கலோரி. டீ நேரத்தில் கொடுக்கும் ஒரு மாரி பிஸ்கட் ஏறத்தாழ 25. இரண்டாவது பிஸ்கட்டோடு வரம்பு தாண்டிவிட்டது.

பாதி சாதம், பாதி பாக்கெட் என்று கலக்கும்போது என்ன நடக்கிறது என்றால், பாக்கெட்டில் கணக்குப் பார்த்துச் சேர்த்த தாதுக்களும் வைட்டமின்களும் பாதியாகிவிடுகின்றன. வளர்ந்த நாய் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். குட்டிக்கு எலும்பில் தெரியும். முழுக்க வீட்டு உணவுதான் என்றால் சாதமும் சிக்கனும் மட்டும் போதாது: கால்சியம், துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாமே குறையும். முட்டை ஓட்டுப் பொடி கால்சியத்தை மட்டும்தான் ஈடுகட்டும். கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த டாக்டரிடம் கிராம் கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழம்பு, ரசம் ஊற்றிய மிச்சச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் கலந்த இனிப்பு, வேகவைத்த எலும்பு எதுவும் எந்த நாய்க்கும் கூடாது.

தானியமே இல்லாத 'கிரெயின் ஃப்ரீ' உணவு எல்லாருக்கும் பொதுவாக நல்லதா?

தேவையில்லை. நாய்க்கு அரிசி, சோளம் நன்றாகவே செரிக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் பட்டாணி, பருப்பு வகைகள் அதிகமுள்ள இத்தகைய உணவுகளுக்கும் இதயத் தசை தளரும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று விசாரணை தொடங்கியது. காரணம் முழுதாக நிறுவப்படவில்லை. ஆனாலும் தேவை இல்லாத இடத்தில் நான்கு நாய்களையும் ஒருசேர அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

புதிய உணவுக்கு எப்படி மாற்றுவது?

7 முதல் 10 நாள். முதல் இரண்டு மூன்று நாள் கால்பங்கு புதியது, அடுத்து பாதி, அடுத்து முக்கால், பிறகு முழுக்க. நான்கு நாய்களையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். தோட்டத்தில் இளகிய மலம் கிடந்தால் யாருடையது என்றே தெரியாது. முதலில் நாட்டு நாய், நான்கு நாள் கழித்து மற்றவை. மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி மூன்று நாள் நில்லுங்கள். ரத்தம் கண்டாலோ, குட்டி தின்ன மறுத்துச் சோர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டரிடம் போங்கள்.

20 கிலோ மூட்டை வாங்கலாமா?

நம் வீட்டில் நாளைக்கு 952 கிராம், அதாவது 20 கிலோ 21 நாளில் தீரும். தாராளமாக வாங்கலாம். இரண்டு பொமரேனியன் மட்டும் உள்ள வீட்டில் அதே மூட்டை 90 நாள் வரும். திறந்த மூட்டையை ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கொழுப்பு காறிவிடும், கடலோர ஈரப்பதத்தில் பூஞ்சையும் வண்டும் வரும்.

மூட்டையோடு அப்படியே மூடியுள்ள டிரம்மில் வையுங்கள், டிரம்மில் கொட்டாதீர்கள். சுவரில் படியும் எண்ணெய் காறி, அடுத்த மூட்டையையும் கெடுக்கும். மூட்டை இருந்தால் தொகுதி எண்ணும் கையில் இருக்கும். மொட்டைமாடி அறை, மாடிப்படிக்கு அடி, கார் டிக்கி எல்லாம் வேண்டாம். 27 டிகிரிக்குக் கீழ் வைக்க வேண்டும் என்பது நம் சித்திரை வெயிலில் முடியாது. வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த, வெயில் படாத மூலையாவது கொடுங்கள், கோடையில் சின்ன மூட்டை வாங்குங்கள். எல்லாரும் விரும்பித் தின்ற உணவை ஒரே நாளில் எல்லாரும் முகர்ந்துவிட்டு விலகினால் அந்த மூட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கை எப்போது மறுபடி போட வேண்டும்?

குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. லாப்ரடாருக்கும் அதே. மற்ற இரண்டுக்கும் மாதம் ஒருமுறை. பொமரேனியனை எடை பார்க்க, அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். லாப்ரடாரைத் தூக்க முடியாது. பெரும்பாலான கால்நடை மருத்துவமனைகளில் எடைமேடை இருக்கும், அங்கே ஏற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

லாப்ரடார் குட்டிக்கு 12 முதல் 18 மாதத்தில் வளர்ச்சி முடியும். அன்றிலிருந்து இந்த வீட்டில் குட்டி உணவு தேவையில்லை. அடுத்த மூட்டையைத் தீர்மானிப்பது எடை கூடிய லாப்ரடார்: கொழுப்பு 10 சதவீதத்தை ஒட்டியும் நார் சற்றுக் கூடுதலாகவும் உள்ள, வளர்ந்த நாய்களுக்கான முழுமையான உணவு. அதன் கலோரி வேறாக இருக்கும், ஆகவே நான்கு டப்பாக்களின் கிராம் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும்.